முதலாளிக்கும் இன்டர்வியூ உண்டு!

தாம்பரம் - கடற்கரை மின்சார ரெயிலில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, வேலை கிடைத்துவிடும்! கதவு ஓரம், ஜன்னல் ஓரம், தலைக்கு மேலே... எங்கு பார்த்தாலும் துண்டு நோட்டீசுகள். "உடனடி வேலை", "படிப்பு தேவை இல்லை", "தங்கும் இடம், சாப்பாடு இலவசம்". கீழே ஒரு செல்போன் நம்பர். கம்பெனியின் பெயர்? கிடையாது. விலாசம்? கிடையாது.

ஒரு காலத்தில் ஆபீசு வாசலில் "வேலை காலி இல்லை" என்று போர்டு தொங்கியது. இன்றைக்கு ரங்கநாதன் தெருவில் இருந்து பாரிமுனை வரை "ஆட்கள் தேவை" போர்டு தொங்குகிறது. சந்தோஷம்தான். ஆனால் அதே கடையில் அதே போர்டு பொங்கலுக்கும் தொங்குகிறது. ஆடித் தள்ளுபடிக்கும் தொங்குகிறது. தீபாவளிக்கும் தொங்குகிறது என்றால் என்ன அர்த்தம்? கடை வளருகிறதா? அல்லது, சேருகிற ஆள் நிற்க மாட்டேன் என்கிறாரா?

இதை யாரும் யோசிப்பது இல்லை. வேலை கேட்டுப் போகிறவர் சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, பைலைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார். எதிரே இருப்பவர் கேட்கிறார். இவர் பதில் சொல்கிறார். திருப்பி ஒரு கேள்வி கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம்! அந்தப் பயம்தான் மோசமான முதலாளியின் மூலதனம்.

பெண் பார்க்கப் போனால்கூட மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள். தினமும் 8 மணி நேரம், 10 மணி நேரம் உழைக்கப் போகிற இடத்தைப் பற்றி விசாரித்தால் என்ன தப்பு? இத்தனைக்கும் மோசமான முதலாளி தன் குணத்தை ஆறு மாதம் ஒளித்து வைப்பது இல்லை. வேலையில் சேருவதற்கு முந்தின நாளே காட்டிவிடுகிறார். பார்க்கிற கண்தான் வேண்டும்.

பணம் கேட்டால் படி இறங்கு!

முதல் அடையாளம், பணம். "ரிஜிஸ்டர் பண்ண 500 ரூபாய்", "யூனிபாரத்துக்கு 2 ஆயிரம்", "டிரெயினிங் பீஸ் 5 ஆயிரம், சம்பளத்தோடு திருப்பித் தந்துடுவோம்". இப்படிப் பேச்சு ஆரம்பித்தால் அடுத்த பேச்சு வேண்டாம். வேலை என்பது உழைப்பைக் கொடுத்துப் பணம் வாங்குவது. பணத்தையும் கொடுத்து உழைப்பையும் கொடுப்பதற்கு வேலை என்று பெயர் இல்லை.

செல்போனில் வரும் "வீட்டில் இருந்தே வேலை" இதற்கு அண்ணன்! முதல் நாள் ஏதோ ஒரு பட்டனை அமுக்கச் சொல்லி 150 ரூபாய் அனுப்புவார்கள். ஆசை பிறக்கும். "ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு" என்பார்கள். அப்புறம் பத்தாயிரம், ஐம்பதாயிரம். கடைசியில் நம்பர் சுவிட்ச் ஆப்! ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாய் மூடி இருக்கக்கூடாது. 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்தால், போன பணம் கைமாறுவதற்குள் தடுக்க வழி உண்டு.

வெளிநாட்டு வேலை என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு வாலிபர்கள் மியான்மர் எல்லைக்குள் கடத்தப்பட்டு, ஊரை ஏமாற்றும் ஆன்லைன் மோசடி வேலையில் அடைக்கப்பட்டதும், அரசு தலையிட்டு அவர்களை மீட்டுக் கொண்டு வந்ததும் 2022-ம் ஆண்டு நடந்த கதை. மத்திய அரசின் லைசென்சு உள்ள ஏஜெண்டா என்று பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதற்குச் சமம்.

அசல் சர்டிபிகேட் யார் பீரோவில்?

இரண்டாவது அடையாளம் இன்னும் மோசம். "ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டுப் போ. போகும்போது வாங்கிக்கலாம்."

அசலைப் பார்க்கட்டும்; நகலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கட்டும். அது நியாயம். பார்த்துவிட்டுக் கையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் டிகிரியும் மானேஜரின் பீரோவுக்குள் போய்விட்டால் அந்த வாலிபரின் கால் கட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தம். வேறு இன்டர்வியூவுக்குப் போக முடியாது. பாக்கிச் சம்பளத்தைக் கேட்டால், "சர்டிபிகேட் வேணுமா, சம்பளம் வேணுமா?" என்று பேரம் நடக்கும். நகரத்தில் பல சின்னப் பள்ளிகளிலும் தனியார் ஆபீசுகளிலும் இந்தப் பேரம் நடப்பது ஊருக்கே தெரியும்.

இதன் தம்பிதான் வெற்றுச் செக்கும் வெற்று முத்திரைத்தாளும். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தொகையை எழுதுவது யார் கையில் இருக்கிறது? செக் பாங்கியில் இருந்து திரும்பினால் கோர்ட்டுக்கு அலைவது யார்? எழுதப்படாத தாளில் கையெழுத்துக் கேட்கும் இடத்தில் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது.

"பாண்டு பேப்பர் எல்லாம் கோர்ட்டில் நிற்காதுப்பா, தைரியமாப் போடு" என்று சிலர் சொல்வார்கள். அதையும் நம்பிவிடக் கூடாது. ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில், 3 ஆண்டு முடிவதற்கு முன்பு விலகினால் ரூ.2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025-ம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. எல்லா பாண்டும் அப்படியே செல்லும் என்பது இல்லை. எதுவுமே செல்லாது என்பதும் இல்லை. ஆகவே, கையெழுத்துப் போடும் முன்பு ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிச்சிட்டு நாளைக்குத் தரேன் சார்" என்று கேட்க வேண்டும். நாளை வரை பொறுக்க முடியாத தாளில் ஏதோ பொடி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். கையெழுத்துப் போட்டால் நகல் ஒன்று கைக்கு வர வேண்டும்.

"சம்பளம் அப்புறம் பேசிக்கலாம்"

மூன்றாவது அடையாளம், சம்பளப் பேச்சில் மழுப்பல். "முதல்ல வேலையைக் காட்டு, சம்பளம் தானா வரும்." "நாங்க எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி." கேட்க இனிக்கும்! குடும்பத்தில் யாரும் கணக்குக் கேட்பது இல்லை அல்லவா? அதற்காகத்தான் இந்தக் குடும்பப் பேச்சு.

சம்பளத் தொகையை மட்டும் கேட்டால் போதாது. கையில் வருவது எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று கேட்க வேண்டும். மாதம் ரூ.15 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். 26 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ரூ.72 கிடைக்கிறது. அதே 15 ஆயிரத்துக்கு லீவே இல்லாமல் 30 நாள், தினம் 12 மணி நேரம் என்றால் ரூ.42-கூட முழுதாக வராது. இரண்டும் "15 ஆயிரம் ரூபாய் வேலை"தான்!

"முதல் மாசச் சம்பளத்தைப் பிடிச்சு வெச்சுக்குவோம், வேலையை விடும்போது தருவோம்" என்பது பல இடங்களில் சட்டம் மாதிரியே நடக்கிறது. ஆனால் உண்மையான சட்டம் வேறு. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந் தேதி முடிவதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும். ஆள் தானாக விலகினாலும் சரி, முதலாளி நிறுத்தினாலும் சரி, பாக்கியை 2 வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். அபராதம் போடுவது என்றால் அந்த மாதச் சம்பளத்தில் 100-க்கு 3 ரூபாய்க்கு மேல் கூடாது. 15 ஆயிரம் சம்பளக்காரருக்கு அதிகபட்சம் ரூ.450. அதுவும் அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்ட பிறகுதான். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. ஓவர்டைம் என்றால் இரட்டிப்புச் சம்பளம்.

"பில்லில் குறைந்தால் பிடிப்போம், பொருள் உடைந்தால் பிடிப்போம், 10 நிமிஷம் லேட் ஆனால் அரை நாள் பிடிப்போம்" என்று சேரும் முன்பே பிடித்தப் பட்டியல் வாசிக்கும் மானேஜர் உண்டு. சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது திக்கும் வாய், பிடித்தத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் திக்காமல் பேசினால் அதுவே எச்சரிக்கை மணி!

பி.எப். பிடிக்கிறார்கள், கட்டுகிறார்களா?

20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும். தொழிலாளி பங்கு 12 சதவீதம். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். 10 பேருக்குக் குறையாமல் இருந்தால் ஈ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் ரூ.21 ஆயிரம் வரை உள்ளவர்களுக்கு இந்தச் சலுகை உண்டு. தொழிலாளி கொடுப்பது 100-க்கு 75 காசு. முதலாளி கொடுப்பது ரூ.3.25. அப்பாவுக்கு ஆபரேஷன், மனைவிக்குப் பிரசவம் என்று வரும்போது இந்த 75 காசின் அருமை தெரியும்.

"பி.எப். எல்லாம் கட்டுறோம்" என்று வாய் சொன்னால் போதாது. பி.எப். இலாகாவின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினால், அந்தக் கம்பெனி எந்தெந்த மாதம் பணம் கட்டியது, எத்தனை பேருக்குக் கட்டியது என்ற விவரம் வந்து நிற்கும். வேலை தேடுகிற யாரும் பார்க்கலாம், காசு வேண்டாம். உள்ளே 60 பேர் வேலை செய்கிறார்கள், கணக்கில் 11 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் கதை விளங்கிவிடும். ஜி.எஸ்.டி. நம்பரையும் இதே மாதிரி சரிபார்க்கலாம். கம்பெனி உயிரோடு இருக்கிறதா, பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறதா என்று தெரியும்.

நியமனக் கடிதமும் முக்கியம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று புதிய சட்டத் தொகுப்பு சொல்கிறது. "லெட்டர் எல்லாம் ஆறு மாசம் கழிச்சுத்தான்" என்றால், ஆறு மாதம் கழித்து அந்த ஆள் அங்கே இருக்கப்போவது இல்லை என்று முதலாளிக்கே தெரியும் என்று அர்த்தம்!

டீக்கடையில் கிடைக்கும் சர்டிபிகேட்

கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, பக்கத்து டீக்கடை சொல்வது உண்மையாக இருக்கும். இன்டர்வியூவுக்கு அரை மணி நேரம் முன்னால் போய் ஒரு டீ சொல்லிவிட்டு நின்றால் போதும்.

"அண்ணே, எதிர்க்க இருக்கிற ஆபீசு எப்படி?"

"நேத்தும் ஒரு பையன் இதையேதான் கேட்டான் தம்பி. போன மாசம் ஒருத்தன் கேட்டான். மூணு மாசம் கழிச்சு எல்லாருமே என்கிட்டத்தான் கடன் சொல்வாங்க."

இதைவிட வேறு சர்டிபிகேட் வேண்டுமா? சம்பளம் ஒழுங்காக வருகிற ஆபீசில் டீக்கடை பாக்கி 10-ந் தேதிக்குள் தீர்ந்துவிடும். வாட்ச்மேனிடமும் கேட்கலாம். சாயந்திரம் 6 மணிக்கு மூடும் ஆபீசு என்று சொல்லியிருந்தால், ஒரு நாள் 7 மணிக்கு அந்தப் பக்கம் போய் மாடியில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம்.

உள்ளே போனதும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை வருஷமாக இருக்கிறார் என்று சொல்லும்படி ஒரு பழைய ஆளாவது இருக்கிறாரா? எல்லோருமே "நான் போன மாசம்தான் சேர்ந்தேன்" என்கிறார்களா? முதலாளி பையனைக் கூப்பிடும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, "டேய்" என்கிறாரா? புதிதாக வந்தவர் முன்னிலையிலேயே கணக்குப்பிள்ளையைத் திட்டுகிறவர், நாளைக்குப் புதியவரை மாலை போட்டா வரவேற்பார்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்!

ஜவுளிக்கடை என்றால் இன்னொன்றையும் பார்க்கலாம். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டசபை சட்டத் திருத்தம் செய்தது. கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா? இருந்தால் அதில் யாராவது உட்காருகிறார்களா? அல்லது, துணி அடுக்க உதவுகிறதா? நாள் முழுதும் நிற்கப் போகிற கால்களுக்கு இந்த ஸ்டூல்தான் நியமனக் கடிதம்.

பெண்கள் பார்க்க வேண்டியது

பெண்களுக்கு இந்த விசாரணை இரண்டு மடங்கு அவசியம். லாட்ஜ் அறையில் இன்டர்வியூ, இரவு 8 மணிக்கு இன்டர்வியூ, "தனியா வாங்க" என்ற அழைப்பு, வேலைக்குச் சம்பந்தம் இல்லாமல் முழு உருவப் போட்டோ... இதில் ஏதாவது ஒன்று வந்தாலும் போகவே வேண்டாம். நியாயமான கம்பெனி பட்டப்பகலில், நாலு பேர் நடமாடும் ஆபீசில் இன்டர்வியூ வைக்கும். கூட வரும் அண்ணனையோ அம்மாவையோ வாசலில் உட்கார வைக்கும்.

10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுக்க உள் விசாரணைக் குழு இருக்க வேண்டும். இது 2013-ம் ஆண்டுச் சட்டம். "அந்தக் கமிட்டியில் யார் யார் இருக்காங்க?" என்று கேட்டால், பெயர் சொல்ல வேண்டும். "அப்படி எல்லாம் இங்க ஒண்ணும் நடக்காதும்மா" என்று சிரித்தால், குழுவே இல்லை என்று பொருள்.

தங்கும் இடம் இலவசம் என்றால் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு அறையில் எத்தனை பேர்? ராத்திரி கேட் பூட்டினால் சாவி யாரிடம்? செல்போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? லீவு நாளில் ஊருக்குப் போக விடுகிறார்களா? போக விடாத விடுதி, விடுதி அல்ல, ஜெயில்.

பசிக்கு இதெல்லாம் தெரியுமா?

"சொல்வது சுலபம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். வாடகைக்காரர் வாசலில் நிற்கிறார். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. எல்லோராலும் எல்லா வேலையையும் உதற முடியாது. அடையாளங்களைப் பார்த்த பிறகும், வேறு வழி இல்லாமல் சேருகிறவர்கள் ஆயிரம் பேர் உண்டு. அவர்களைக் குறை சொல்வது பாவம்.

ஆனால் சேருவது வேறு, சிக்கிக்கொள்வது வேறு. எந்த நெருக்கடியிலும் மூன்றை மட்டும் கொடுக்கக்கூடாது. பணம், அசல் சர்டிபிகேட், வெற்றுத்தாளில் கையெழுத்து. இந்த மூன்றும் கையில் இருந்தால், மோசமான இடத்தில் இருந்து ஒரு மாதத்திலோ இரண்டு மாதத்திலோ வெளியே வந்துவிடலாம். நஷ்டம் அந்தச் சம்பளத்தோடு போகும். மூன்றையும் கொடுத்துவிட்டால், வெளியே வரும் வழியையே விற்றதாகிவிடும்.

சேர்ந்த நாளில் இருந்து ஒரு சின்ன டைரி போட வேண்டும். எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்குப் போனோம், எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு பிடித்தார்கள். சம்பளத்தைப் பாங்கிக் கணக்கில் போடச் சொல்ல வேண்டும். "இன்னைக்கு 10 மணி வரை இருக்கணும்" என்று மானேஜர் வாட்ஸ்-அப்பில் அனுப்பியதை அழிக்கக்கூடாது. அதுதான் சாட்சி. பாக்கிச் சம்பளம் கேட்டு மனு கொடுக்க 3 ஆண்டு வரை அவகாசம் உண்டு. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் இலாகாவுக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். மனு எழுதத் தெரியாது என்று பயப்பட வேண்டாம். டைரியும் பாங்கிக் கணக்கும் பாதி மனுவை எழுதிவிடும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

இவ்வளவும் படித்துவிட்டு எல்லா முதலாளியும் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது. நாலு பேர் வேலை செய்யும் மளிகைக்கடையில் லெட்டர் பேடு இருக்காது; சம்பள சிலிப்பு இருக்காது. ஆனால் 1-ந் தேதி சாயந்திரம் கல்லாவில் இருந்து சம்பளம் எண்ணிக் கொடுக்கப்படும். தீபாவளிக்குத் துணியும் போனசும் வரும். பையனுக்குக் காய்ச்சல் என்றால் முதலாளியே டாக்டரிடம் கூட்டிப் போவார். 20 வருஷமாக அதே ஆள் அதே தராசில் நிற்பார். கண்ணாடிக் கதவும் ஏ.சி.யும் போட்ட ஆபீசில் மூன்று மாதச் சம்பளப் பாக்கியும் இருக்கும். பளபளப்பைப் பார்த்து ஏமாறவும் கூடாது. எளிமையைப் பார்த்து ஒதுக்கவும் கூடாது.

"ஆளே கிடைக்க மாட்டேங்கிறான் சார், கிடைச்சாலும் நிக்க மாட்டேங்கிறான்" என்று புலம்பும் கடைக்காரர்கள் இன்று அதிகம். அவர்களில் சிலராவது போர்டைத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூன்று மாதமும் புது ஆளுக்கு விலை சொல்லிக் கொடுத்து, பில் போடச் சொல்லிக் கொடுத்து, அவர் போன பிறகு மறுபடியும் முதலில் இருந்து தொடங்குவதில் நஷ்டம் யாருக்கு? தெரிந்த முகத்தைத் தேடி வரும் வாடிக்கையாளர், முகம் மாறிக்கொண்டே இருந்தால் அடுத்த கடைக்குப் போக மாட்டாரா? ஒரு ஸ்டூல், வாரம் ஒரு நாள் லீவு, 7-ந் தேதிக்குள் சம்பளம். இதற்கு ஆகும் செலவு, வருஷம் பூராவும் ஆள் தேடும் செலவைவிடக் குறைவுதான்.

வேலை தேடுகிறவர் மனப்பாடம் செய்ய வேண்டியது நாலே கேள்விதான். சம்பளம் கையில் எவ்வளவு? எந்தத் தேதியில்? தினம் எத்தனை மணி நேரம்? வாரத்தில் எந்த நாள் லீவு? மரியாதையாக, தயக்கம் இல்லாமல் கேட்க வேண்டும். நேர்மையான முதலாளிக்கு இதற்குப் பதில் சொல்ல நாலு நிமிஷம் போதும். கேட்டவர் விவரமான ஆள் என்று மதிப்பும் கூடும். "வேலைக்கு வர்றதுக்கு முந்தியே இவ்வளவு கேள்வியா?" என்று எதிரே இருப்பவர் கோபப்பட்டால் சந்தோஷமாகப் பைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடலாம். இன்டர்வியூவில் தோற்றது அவர்தான்!